அரிப்பில் ஒரு கிரேக்க மாளிகை



முருங்கனிலிருந்து நானாட்டான் சந்தியைத் தாண்டிக் கடற்கரை நோக்கிப் போனால், வயல்வெளிகள் முடியுமிடத்தில் அருவியாறு குறுக்கிடும். ஆற்றைக் கடந்தால் அரிப்பு. அங்கே கடலோர மண்மேட்டின் விளிம்பில் இடிந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இது என்ன கட்டடம் என்று கேட்டேன். "இது அல்லிராணிட கோட்டை தம்பி. முத்துக் குளிக்கிறவங்களிட்ட அவதான் வரி வாங்கினவ" என்றார்.

சரித்திரம் வேறு பெயரைச் சொல்கிறது. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெட்றிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யத் தமக்கெனக் கட்டிய மாளிகை இது. இதற்கு டோரிக் மாளிகை என்று பெயர். டோரிக் என்பது கிரேக்கரின் தூண் வகைகளுள் மிக எளியது. அதன் தலையில் பூவேலை எதுவும் இராது. அக்காலத்தில் கொழும்பில் இருந்த ஜேம்ஸ் கோர்டினர் பாதிரியார், இத்தீவின் கட்டடங்களுள் இதுவே பேரழகு வாய்ந்தது என்று தம் நூலில் எழுதினார்.

உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் கிரேக்கத் தூண்களுக்கு என்ன வேலை? அதைத் தேடினால், கிரேக்கத்தின் மேற்கே அயோனியக் கடலிலுள்ள கோர்பு என்ற தீவுக்குத்தான் போய்ச் சேரவேண்டும். கிரேக்கர் அதைக் கெர்க்கிரா என்பர். நம் மன்னார்த் தீவைப்போல நாலு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. எங்கும் ஒலிவ மரங்கள். ஹோமரின் காவியத்தில், கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒடிசியசை வரவேற்று உபசரித்த மக்களின் நாடு இதுதான் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவனைத் தாய்நாட்டில் சேர்த்துவிட்டுத் திரும்பிய கப்பலைக் கடல் தெய்வம் கல்லாக்கியதாம். அக்கல்தான் இது என்று ஒரு குட்டித்தீவை இன்றும் காட்டுகிறார்கள். தலைமன்னார் மணல் திட்டுகளில் இராமர் அணையைக் காணும் நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

வெனிஸ் நகரத்தார் 1386 முதல் 1797 வரை கோர்புவை ஆண்டனர். கடலுக்குள் நீண்ட முனையொன்றை வாய்க்கால் வெட்டிப் பிரித்து அவர்கள் கோட்டையாக்கினர். மன்னார்க் கோட்டையின் அகழியைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். 1716இல் துருக்கியர் முற்றுகையிட்டபோது தங்களைக் காத்தவர் புனித ஸ்பிரிடோன் என்று அந்த மக்கள் நம்புகிறார்கள். அவருடைய திருவுடலை ஆண்டுக்கு நான்கு முறை வீதிவலமாக எடுத்துச் செல்கிறார்கள். மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்குப் போய்வந்தவர்கள் அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். பழைய நகரம் 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நோர்த் இந்தத் தீவில் கால்வைத்தது இளம்வயதில். 1791இல் அங்கேயே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஆங்கிலப் பிரபு குடும்பத்துப் பிள்ளைக்கு அது சாதாரண காரியமல்ல. ஏழு ஆண்டுகளின் பின் தேசாதிபதியாக இலங்கைக்கு வந்தபோது அந்தக் கிரேக்க மோகமும் கூடவே வந்தது. அரிப்புத் தூண்கள் அதன் சாட்சி.

அந்தத் தூண்களுக்கு அப்பால், கடலில், வேறொரு காட்சி. காலிற் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் கடலடியில் சிப்பி பொறுக்கிய குளியாளிகள். சுறா அண்டாதபடி மந்திரம் ஓதிய கடல்கட்டிகள். கரையில் கொட்டுகளிற் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களின் மூச்சு அரசாங்கத்துக்கு வருமானமாயிற்று.

நோர்த் கல்வியை வெறுத்தவரல்லர். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைகளுக்கு இங்கே மீண்டும் உயிர்கொடுக்க முயன்றார். செலவைக் குறைக்கும்படி இலண்டனிலிருந்து உத்தரவு வந்தது; அந்த முயற்சி மெலிந்துபோயிற்று.

1805இல் அவரிடமிருந்து இலங்கையைப் பொறுப்பேற்றவர் தோமஸ் மெயிற்லண்ட். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: கோர்பு 1815இல் பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் வந்ததும், அங்கே முதலாவது உயர் ஆணையாளராக அமர்ந்தவரும் இதே மெயிற்லண்ட்தான். அவருடைய பெயரில் ஒரு வட்ட மண்டபம் அங்கே இருக்கிறது. கிரேக்கருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று நோர்த் மன்றாடினார். மெயிற்லண்ட் அதற்கு ஆர்வம் காட்டவில்லை. அவர் 1824 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டில் அயோனியக் கலாபீடம் திறக்கப்பட்டது.

அரசாங்கக் கருமங்கள் இத்தாலிய மொழியில் நடந்த அந்தத் தீவில், மக்களின் மொழியான கிரேக்கத்திலேயே இறையியலும் சட்டமும் மருத்துவமும் கற்பிக்கவேண்டும் என்று நின்றவர் நோர்த். மாணவர் பலருக்குத் தம் கைப்பணத்தால் உதவினார். பண்டைக் கிரேக்கரைப்போல அங்கி உடுத்து உலாவியதால் கேலிக்கும் ஆளானார். 1827இல் இறந்தார். அவர் சேர்த்த நூல்களிற் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. தீவு 1864இல் கிரேக்கத்துடன் இணைந்தபோது கலாபீடமும் மூடப்பட்டது. 1984இல் அந்தத் தீவில் அயோனியப் பல்கலைக்கழகம் தோன்றியது.

கோர்புவில், பழைய கோட்டைக்கு அருகேயுள்ள பூங்காவில், நோர்த்துக்குச் சிலை இருக்கிறது. அரிப்பில் அவருடைய பெயரை யாரும் நினைத்துவைத்திருக்கவில்லை. எட்டிப் பார்த்துச் சலாபக் கணக்கெடுத்த அவருடைய மாடியை, நம்மவர்கள் தங்கள் கதைப்பாட்டின் அரசிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஒருவனுடைய மொழியை மதித்தவனை அவன் மறக்கவில்லை. முத்தை மட்டும் எண்ணியவனை இவன் ஏன் நினைக்கவேண்டும்?

1905இல் பெருஞ்சலாபம் ஒன்று நடந்தது. சில ஆண்டுகளில் சிப்பிப் பார்கள் வெறுமையாயின. மாளிகையின் கடற்புறம் ஏற்கெனவே சரிந்து விழுந்துவிட்டது. எஞ்சிய சுவரின் அடிமண்ணையும் அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் கடற்பக்கச் சுவரில் சாயாதிருங்கள்.