ஒலியின் உட்புறம்: ழெரார் கிரிஸே

இசையமைப்பாளர் ழெரார் கிரிஸே 1946 ஜூன் 17 அன்று கிழக்கு பிரான்ஸின் பெல்ஃபோர் நகரில் பிறந்தார். முதலில் பழகிய வாத்தியம் அக்கார்டியன். ஜெர்மனியில் ட்ரோஸிங்கனில் படித்த பிறகு பாரிஸ் கன்சர்வேட்டரியில் சேர்ந்து, ஒலிவியே மெஸ்ஸியானிடம் இசையமைப்பு கற்றார். 1972இல், பிரெஞ்சுக் கலைஞர்கள் தங்கிப் படைக்கும் ரோமின் வில்லா மெடிச்சிக்குத் தேர்வாகி, அங்கே ஜச்சிந்தோ ஷெல்சியைச் சந்தித்தார். ஒரே சுரத்தை வைத்து ஒரு படைப்பையே எழுதிக் காட்டியவர் ஷெல்சி.

பன்னிரண்டு சுரங்களைக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்தும் முறை அப்போது ஐரோப்பாவில் கோலோச்சியது. அந்தக் கணக்கு தாளில் தெரிந்த அளவுக்குக் காதில் விழவில்லை என்பது இளையவர்களின் குறை. த்ரிஸ்தான் முராய், மிக்கேல் லெவினாஸ் முதலியோருடன் 1973இல் 'லித்தினெரேர்' குழுவில் இணைந்த கிரிஸே, சுரத்தை விட்டு ஒலியையே ஆராயத் தொடங்கினார்.

அதன் விளைவு, 18 கலைஞர்களுக்காக 1975இல் எழுதிய 'பார்ஸியேல்'. டிராம்போனின் அடிமட்ட 'ஈ' சுரத்தைக் கருவிகொண்டு பகுத்தால், அதற்குள் பல மேற்சுரங்கள் ஒலிப்பது தெரியும். தம்பூராவின் மந்தரத் தந்தியில் அந்தர காந்தாரம் தானாகக் கேட்பதும் இதே இயல்பால்தான். கிரிஸே அந்த மேற்சுரங்களை வயலின், குழல், கிளாரினெட் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். கேட்பவருக்கு ஒரே சுரம் பூதாகாரமாக விரிவதுபோல் இருக்கும். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி இரைச்சலாகிறது. முடிவில் கலைஞர்கள் தாள்களைப் புரட்டிச் சரசரக்க, ஒருவர் ஜால்ராக்களை ஓங்கி விரிக்கிறார். அடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். கெடுபிடியான நவீன இசை அரங்கில் இந்தக் குறும்பு அபூர்வம். தனி வயோலாவில் தொடங்கிப் பேரிசைக் குழுவாகப் பெருகும் 'லெஸ் எஸ்பாஸ் அகூஸ்திக்' என்ற ஆறு பகுதித் தொகுப்பில் இது ஒன்று. தொகுப்பு முழுமையடைய 1985 ஆயிற்று.

ஒலியைப் பகுத்து எழுதும் இந்த வகை இசைக்கு 'நிறமாலை இசை' என்று பெயர் வைத்தவர் இசையமைப்பாளர் உய்க் துஃபூர். கிரிஸேக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, ஒரு வானியலாளர் மூலம் வேலா துடிப்பு விண்மீனின் சமிக்ஞையைக் கேட்டார். வினாடிக்குச் சுமார் 11 முறை சுழலும் விண்மீன் அது. அந்தத் தாளம் அவரைப் பிடித்துக்கொண்டது. 'ல நுவார் த லெத்துவால்' படைப்பில் ஆறு தாளக் கலைஞர்கள் ரசிகர்களைச் சூழ்ந்து வாசிக்க, நடுவே விண்மீன்களின் துடிப்பு ஒலிக்கிறது. பாரிஸ் திரும்பிய கிரிஸே, தாம் படித்த கன்சர்வேட்டரியிலேயே ஆசிரியரானார்.

கடைசிப் படைப்பு, சோப்ரானோ குரலுக்கும் 15 கலைஞர்களுக்குமான 'வாசலைக் கடக்க நான்கு பாடல்கள்'. நான்கின் பொருளும் மரணம். எகிப்தியச் சவப்பெட்டி வாசகங்களும் கில்காமேஷ் காவியத்தின் பிரளயமும் இதில் வருகின்றன. எழுதி முடித்த 1998ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 11 அன்று, மூளை ரத்தக்குழாய் வெடித்து 52 வயதில் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் லண்டனில் ஜார்ஜ் பெஞ்சமின் தலைமையில் அது முதன்முறையாக அரங்கேறியது.