துறையில்லா வணிகம்: யாழ்ப்பாணத் தீவகமும் இணையவழி உயிரினச் சந்தையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 1963இல் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அச்சாசனம். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. பன்னாட்டு வணிக வரலாற்றின் சான்றாகவே இதனை இதுவரை படித்து வந்திருக்கிறோம். விலங்கு வணிகத்தை அரசு ஒழுங்குபடுத்திய ஆவணமாகவும் இதனைப் படிக்கலாம். விலங்குக்குத் தனி விதி வகுத்த அந்த அரசுக்குப் பண்டம் இறங்கும் இடம் தெரிந்திருந்தது. பொறுப்பாளி யார் என்பதும் தெரிந்திருந்தது. விதியும் அங்கு வந்துபோவோர் வாசிக்கக்கூடிய மொழியில் கல்லில் நின்றது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னி யானைகளை இதே ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றிய காலத்திலும் துறையே கட்டுப்பாட்டின் மையம். இன்றைய சட்டங்களும் அந்த எண்ணத்திலேயே நிற்கின்றன. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும் நடைமுறையில் பெரும்பாலும் படகிலும் வாடியிலும் சுங்கத்திலும் கைப்பற்றப்படும் பண்டத்தைக் கொண்டே இயங்குகின்றன. வாங்குபவனும் விற்பவனும் சந்திக்கும் இடமோ முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் வணிகத் தளங்களுக்கும் நகர்ந்துவிட்டது. அத்தளங்கள்தாம் இன்றைய துறைகள் என்றும், துறைக்குரிய கடமைகளை அவற்றின்மீது சுமத்தாமல் கடலில் மட்டும் காவல் போடுவது பயன் தராது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

கடல் அட்டையை எடுத்துக்கொள்வோம். இந்தியா 2001இல் கடல் அட்டைகள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து பிடிப்பதற்கும் விற்பதற்கும் தடை விதித்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம், பண்ணையில் வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஒரே பாக்கு நீரிணையில் ஒரே உயிர், ஒரு கரையில் குற்றமாகவும் மறுகரையில் தொழிலாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடத்தப்படும் அட்டை இக்கரையில் சட்டபூர்வமான சரக்கோடு கலந்துவிட இந்த வேறுபாடே வழி திறக்கிறது.

பதப்படுத்தும் முறை மிச்சத் தடயத்தையும் அழிக்கிறது. வெள்ளை அட்டையின் குடலை அகற்றி அவிக்கிறார்கள். மணலில் புதைத்து மேற்தோலை இளகவைத்துச் சுரண்டுகிறார்கள். மறுபடி அவித்து வெயிலில் காயவைக்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது விரல் நீளத்தில் சுருங்கிய, கல்போல் இறுகிய சாம்பல்நிறத் துண்டு. அது வேலணைப் பண்ணையில் வளர்ந்ததா, இரவில் அனுமதியின்றிச் சுழியோடிப் பிடித்ததா, மன்னார் வளைகுடாவிலிருந்து வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இணையத்தில் போடப்படும் ஒளிப்படம் அதைவிடக் குறைவாகவே சொல்லும். ஆகவே படங்களை வடிகட்டும் கணினி நுட்பம் இந்தச் சரக்கைப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கேட்கவேண்டியது அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பிடித்த இடத்தையும்தான். இவ்விரண்டும் இல்லாத விளம்பரம் தளத்தில் ஏறவே கூடாது.

வலம்புரிச் சங்கின் கதை வேறு. அதனை விற்க முயன்றவர்கள் கைதான செய்தி இலங்கை நாளிதழ்களுக்குப் புதிதல்ல. இங்கே சந்தையை நடத்துவது பக்தியும் செல்வ ஆசையும். அமெரிக்கக் கரையோரத்தில் இயல்பாகவே வலம்புரியாகச் சுழலும் வேறொரு சங்கினம் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் வலம்புரி என்ற பெயரில் விலைபோகிறது. நம் கடற் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தெளிவாக இருக்கும். அந்த அயல் சங்கில் அவை இரா. இதை அறியாதவர் ஏமாறுகிறார். அறிந்தவரோ உண்மையான வலம்புரிக்கு இன்னும் கூடிய விலை சொல்கிறார். போலிச் சரக்கும் அசல் உயிரின்மேல் வேட்டையை ஏவுகிறது. 2017இல் இந்தியாவில் ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரில் அரிய வேர் என்று இணையக் கடைகளில் விற்கப்பட்டது உடும்பின் உலர்ந்த ஆணுறுப்பு என அம்பலமானது. பூசைப் பொருள் என்ற போர்வை இணையத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது போதிய சான்று.

2018இல் பெருந்தளங்கள் சில, வனவிலங்கு அமைப்புகளோடு சேர்ந்து இணையவழிக் கடத்தலுக்கு எதிரான கூட்டணி அமைத்தன. வரவேற்கத்தக்கது, ஆனால் அது தன்விருப்ப உடன்பாடு. விளம்பரத்தை நீக்குவதோடு தளத்தின் கடமை முடிவதில்லை. நீக்கப்பட்ட பதிவோடு சான்றும் கைநழுவுகிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் பதிவை இலங்கை நீதிமன்றங்களில் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. நீக்கும் முன் பதிவைப் பாதுகாத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கும் கடமையைச் சட்டம் தளங்களுக்கு விதிக்கவேண்டும்.

வடக்கில் இருந்து எழுதும் எவரும் இங்கே ஓர் அச்சத்தை மறைக்க முடியாது. கண்காணிப்பின் கனத்தை நீண்டகாலம் சுமந்த மக்கள் நாம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அட்டையைக் காப்பதாகச் சொல்லித் தனியார் செய்திகளைத் திறந்து படிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கக் கூடாது. பொதுவெளி விளம்பரம், பணப் பரிமாற்றம், பொதி அனுப்பீடு ஆகிய மூன்று இடங்களில் கேள்வி கேட்டாலே சந்தையின் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வரும்.

இப்போதுள்ள நிலையில் பிடிபடுபவர் பெரும்பாலும் சுழியோடியும் படகோட்டியும். கடன்பட்டு இயந்திரம் வாங்கியவர் வழக்குக்கு அலைய, தொலைபேசியில் விலைபேசியவர் அடுத்த படகைத் தேடிக்கொள்கிறார். தீவகத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எந்தக் கடலில் எப்போது எது பிடிபடுகிறது என்பது தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறைக்கு இனங்களை அடையாளம் காணும் பயிற்சி உண்டு. இவ்விரு தரப்பையும் திணைக்களங்கள் அழைத்து, தமிழில் வரும் விளம்பரங்களை ஆராயும் நிலையான குழு ஒன்றை யாழ்ப்பாணத்திலேயே அமைக்க வேண்டும். அதன் முதல் வேலை, அனுமதிப்பத்திர இலக்கமின்றி வரும் அட்டை விளம்பரங்களைப் பதிவு செய்வதாக இருக்கட்டும்.