லீபிக்கின் மஞ்சள் தூள்

ஒரு பொருள் கண்டறியப்பட்ட காலமும் அதன் பயன் உணரப்பட்ட காலமும் ஒன்றாய் அமைதல் இரசாயனவியல் வரலாற்றில் அரிதே. காபன் நைத்திரைட்டு எனும் சேதனப் பல்பகுதியம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழகப் பேராசிரியரான லீபிக், 1834இல் மஞ்சள் நிறத் தூளொன்றை ‘மெலோன்’ எனப் பெயரிட்டு விவரித்தார். எக்கரைப்பானிலும் எளிதிற் கரையாத அத்தூளின் உள்ளமைப்பு அக்கால ஆய்வு முறைகளுக்கு எட்டவில்லை. மூன்று வளையங்கள் இணைந்த கருவே அதன் அடிப்படை எனும் கருத்தை 1937இல் போலிங்கும் ஸ்ரேடிவன்ரும் முன்வைத்தனர். எனினும், அது ஒளியுடன் தாக்கமுறுமோ என வினவுவார் அன்று இருந்திலர்.

அவ்வினாவிற்கான களம் வேறிடத்தில் உருவாயிற்று. நிலக்கரியின் இடத்தைச் சூரிய ஒளி பெறவேண்டுமென இத்தாலிய அறிஞர் சியாமிசியன் 1912இல் நியூயோர்க்கில் உரைத்தார். 1972இல் யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியமீரொட்சைட்டு மின்வாயின் மீது ஒளியைச் செலுத்தி நீரைப் பிரித்தமையை வெளியிட்டனர். பின்னர் அப்பொருள் நகர்ப்புறச் சுவர்களிலும் நடைபாதைகளிலும் காற்றின் மாசகற்றப் பூசப்பட்டது. ஆயின், அது ஊதாக்கடந்த கதிர்களையே உறிஞ்சுகின்றது. நிலத்தை அடையும் சூரிய சக்தியில் அக்கதிர்களின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமேயாகும்.

இக்குறையே ஆய்வாளரை லீபிக்கின் தூளிடம் மீளச் செய்தது. அதன் வழிவந்த காபன் நைத்திரைட்டு, கட்புலனாகும் ஒளியில், துணைப்பொருளொன்றின் உதவியுடன், நீரிலிருந்து ஐதரசனை விடுவிக்கும் என்பதை வாங், அன்ரோனியெற்றி, டொமென் முதலானோர் 2009இல் காட்டினர். ஏறத்தாழ 460 நனோமீற்றர் வரையான ஒளியை உறிஞ்சும் இப்பொருளில் உலோகம் எதுவுமில்லை. மெலமீன், யூரியா போன்ற மலிவான பொருள்களை வெப்பமேற்றியே இதனைப் பெறலாம். அடுத்த பத்தாண்டில் வாகனப் புகையிலுள்ள நைத்திரிக்கொட்சைட்டை அகற்றவும் இது ஆராயப்பட்டது.

ஒளிபட்டதும் கிளர்வுறும் இலத்திரன், காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்ந்து தாக்குதிறன் மிக்க அயனாக்குகின்றது. அவ்வயன் நைத்திரிக்கொட்சைட்டை ஈற்றில் நைத்திரேற்றாக மாற்றும். ஆனால், தாக்கம் இடையில் நின்றுவிடின், முன்னதினும் நச்சு மிக்க நைதரசனீரொட்சைட்டே காற்றிற் சேரும். முற்றுப்பெறினும், மேற்பரப்பிற் படியும் நைத்திரேற்று ஊக்கியின் ஆற்றலைக் குன்றச் செய்யும். அதனைக் கழுவுதல் வேண்டும்.

ஆதலின், எவ்வளவு வாயு மறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் இத்தகைய ஊக்கியை மதிப்பிடல் பொருந்தாது. மறைந்தது யாதாக மாறிற்று என்பதையும் அளந்தறிதல் வேண்டும். தக்க வினா பிறக்கும்வரை லீபிக்கின் தூள் 175 ஆண்டுகள் காத்திருந்தது. இன்று அதனைக் கையாள்வோர் அடுத்த வினாவையும் காலந்தாழ்த்தாது எழுப்புதல் கடனாகும்; ஏனெனில், அதன் விடை மாந்தர் சுவாசிக்கும் காற்றிலேயே தங்கியுள்ளது.