கோவைப் படுதாக்களின் ஆழம்

கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘சிவகவி’ (1943), ‘ராஜகுமாரி’ (1947), பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ (1954) ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது பாகவதரையும் எம்.ஜி.ஆரையும் வசனகர்த்தாவையும் நினைவுகூர்கிறோம். அக்காலப் படத்தளங்களில் நடிகருக்குப் பின்னே வானமாகவும் மலையாகவும் தொங்கிய துணி நம் பேச்சில் இடம்பெறுவதில்லை.

அந்தப் படுதா நாடக மேடையிலிருந்து வந்தது. பார்சி நாடகக் குழுக்களின் வழியே தமிழ் மேடை பெற்றுக்கொண்ட கலை அது. மேடையில் அதற்கொரு குறையுண்டு. முன்னே நிற்கும் மரத்தூணும் பின்னே வரைந்த தூண்வரிசையும் கொட்டகை நடுவில் அமர்ந்தவருக்கே ஒரே மண்டபமாகச் சேரும். ஓரத்தில் இருப்பவருக்கு இணைப்பு உடைந்துவிடும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரன்ஸில் புருனெல்லெஸ்கி தம் ஓவியப் பலகையில் துளையிட்டு, அதன் பின்னிருந்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்கச் செய்தார். பெர்ஸ்பெக்டிவ் அன்றே ஒற்றைக் கண்ணுக்கு உரியதாகிவிட்டது.

நம் சுவரோவியங்களுக்கு இந்தக் கட்டாயமில்லை. திருவாரூர் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. அண்ணாந்து நடந்தபடியே அதைக் காண வேண்டும். நடப்பவருக்காகக் கோடுகளை எந்தப் புள்ளியில் குவிப்பது? நம்மவர்க்கு ஆழம் தெரியாது என்பது சோம்பேறி விமர்சனம். நிழலிட்டு உருவைத் திரட்டும் மூவகை வர்த்தனையையும், திரும்பிய உடலின் உறுப்புகள் குறுகித் தோன்றுவதையும் விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் விரிவாகவே பேசுகிறது.

கேமராவுக்கும் ஒரே கண்தான். படத்தளத்தில் அது அந்த நடு இருக்கையைப் பிடித்துக்கொண்டது. மரத்தூணும் வரைந்த தூணும் படச்சுருளில் ஒரே பரப்பாயின. டூரிங் டாக்கீஸில் மணலில் அமர்ந்தவருக்கும் இணைப்பு உடையவில்லை.

ஆனால் ஓவியரின் பாடு கூடிற்று. தொலைமலைக்கு நீலம் பூசும் பழைய உபாயம் கறுப்பு வெள்ளையில் பயன்படாது. அருகில் அடர்த்தி, தொலைவில் வெளிறல் என்று சாம்பலின் படிகளாலேயே தூரத்தைக் கட்ட வேண்டும். வரைந்த நிழலும் விளக்கின் நிழலும் ஒரே திசையில் விழ வேண்டும். நடிகரின் நிழல் வானத்தின்மீது விழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தாலோ, வரைந்த அருகுமரமும் தொலைகோபுரமும் சேர்ந்தே நகர்ந்து குட்டு வெளிப்படும். அக்காலப் படங்களின் அசைவின்மையை நாடகத்தனம் என்று எளிதில் தள்ளிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு இந்தத் துணிக்கும் உண்டு என்றே நமக்குப் படுகிறது.

சென்ட்ரலும் பட்சிராஜாவும் இன்றில்லை. அத்தகைய படுதாக்களை இனி அந்தப் படங்களில்தான் தேட வேண்டும். அங்கும் ஒரு நடிகரின் தோளுக்குப் பின்னால், பாதி மங்கலாக.