சோலை யாருக்கு உரியது? – கோவைப் பொதுப் பூங்காக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

சீத்தலைச் சாத்தனார் அருளிய மணிமேகலையில், மாதவி தன் மகளை மலர் பறித்து வர அனுப்ப முனைகிறாள். அப்போது உடனிருந்த சுதமதி புகார் நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறாள். இலவந்திகைச் சோலையில் அரசனைச் சூழ்ந்தோர் இருப்பர். அங்குச் செல்லுதல் தகாது. உய்யானம் தேவர்க்கு உரியது. சம்பாதி வனமும் கவேர வனமும் தீண்டி வருத்தும் அணங்குகளை உடையன. இவ்வாறு விலக்கியபின் எஞ்சுவது உவவனம் ஒன்றே. அவ்வுவவனத்தினுள்ளும் அரசிளங்குமரனாகிய உதயகுமரன் தொடர்ந்து வர, மணிமேகலை பளிக்கறையினுள் புகுந்து மறைந்துகொள்ள நேர்கிறது.

இக்காட்சி இரு வினாக்களை எழுப்புகிறது. ஒரு நகரில் சோலைகள் எத்தனை என்பது முதல் வினா. அவற்றுள் யார் நுழையலாம், நுழைந்தவர் அச்சமின்றி இருக்க இயலுமா என்பது அடுத்த வினா. முதல் வினாவுக்கு அரசு ஏடுகள் விடை தந்துவிடும். இரண்டாம் வினாவை முன்னிறுத்திக் கோவை மாநகரின் பூங்கா வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கில் தோட்டமும் பொதுவெளியும்

கொங்கு நாட்டு வழக்கில் ‘தோட்டம்’ என்றால் பூந்தோட்டமன்று. கிணற்றுப் பாசனத்தில் பயிரிடும் நிலமே தோட்டம். அதன் நடுவில் உழவர் வாழும் வீடு ‘சாளை’ எனப்பட்டது. மழை குறைந்த இம்மண்ணில் ஆழக் கிணறு வெட்டி, கவலை ஏற்றம் இறைத்து வாழ்ந்தவர்க்குத் தோட்டம் உழைப்பின் களமாயிற்று. நிழலில் அமர்ந்து பொழுது கழிக்கும் இடமாக அதை அவர்கள் கருதியதில்லை.

ஆயினும் ஊர் கூடும் இடங்கள் இல்லாமலில்லை. கோயில் முன்வெளி, தேர்நிலை, சந்தை, மந்தை, குளத்துக் கரை ஆகியவையே கொங்கின் பொதுவெளிகள். கோவையின் காவல் தெய்வமாகிய கோனியம்மனின் தேர் நின்ற தேர்நிலைத் திடல், பிற்காலத்தில் அரசியல் மேடைகளுக்கும் இடம் தந்தது. எனினும் பழைய பொதுவெளிகள் யாவும் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. சாதி வகுத்த எல்லைகள் அவற்றின் ஊடே ஓடின. பிறப்பை வினவாத பொதுவிடம் என்னும் கருத்து நகராட்சி என்னும் புதிய அமைப்போடுதான் மெல்ல வேரூன்றியது. கோவை 1866-இல் நகராட்சியாகவும் 1981-இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று.

சிறையும் சிதம்பரனார் பூங்காவும்

கோவை மத்திய சிறை 1872-இல் எழுந்தது. சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை இச்சிறையில் அடைபட்டிருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்கும்படி அவரைப் பணித்த கொடுமையைத் தமிழர் மறந்ததில்லை. அச்செக்கு இன்றும் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

அச்சிறைக்கு அண்மையிலேயே அப்பெருமகனார் பெயரால் ஒரு பூங்காவும் மைதானமும் அமைந்தன. 1965-இல் தொடங்கிய வ.உ.சி. உயிரியல் பூங்கா தலைமுறை தலைமுறையாகக் கோவைக் குழந்தைகளுக்கு மயிலையும் மானையும் முதலையையும் முதன்முதலில் காட்டிய இடம். பொள்ளாச்சியிலிருந்தும் அவினாசியிலிருந்தும் பேருந்தேறி வந்த குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் அங்கே பொழுது கழித்தன. அருகிலுள்ள மைதானம் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் உரியதாயிற்று. செக்கிழுத்தவர் பெயரால் அமைந்த வெளியில் எவரும் தடையின்றி நடந்தனர் என்பதைவிட அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை.

ஆனால் இடம் குறுகியது. ஐந்து ஏக்கருக்கும் குறைவான பரப்பில் விலங்குகளை முறையாகப் பேண இயலாமையால், 2022-இல் மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் தன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது.

2010 சூனில் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, சிறை நிலத்தில் செம்மொழிப் பூங்கா அமையும் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு ஏட்டிலேயே நெடுங்காலம் கிடந்தது. 2023 திசம்பரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. 45 ஏக்கரில் முதற்கட்டம் உருப்பெற்று 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அப்பதினைந்து ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் பூங்காவில் ஆடும் பருவத்தையே கடந்துவிட்டனர்.

சென்னை தரும் எச்சரிக்கை

பூங்கா அமைவதினும் நிலைப்பது அரிது. இதற்குச் சென்னையே சான்று. ஆளுநர் திரெவெலியன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, ஏறத்தாழ 116 ஏக்கரில் ‘மக்கள் பூங்கா’ உருவாயிற்று. பார்க் டவுன் என்னும் பகுதிப்பெயர் அதன் எச்சமே. அப்பூங்காவின் நிலத்தில் விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட், விளையாட்டரங்கம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பூங்காவைக் காக்கும் பொறுப்புடைய மாநகராட்சியின் தலைமையகமாகிய ரிப்பன் மாளிகையும் 1913-இல் அங்கேயே நிமிர்ந்தது. விலங்குக் காட்சிச்சாலை 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்தது. தீய நோக்கத்தோடு எவரும் அப்பூங்காவை அழிக்கவில்லை. ஒவ்வொன்றும் நற்பணியென்றே வந்தது; நற்பணிகளுக்கு இடம் கொடுத்தே பூங்கா தேய்ந்தது.

சட்டமும் மக்களும்

இத்தகைய தேய்வைத் தடுக்கவே 1959-இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பேணும் சட்டம் இம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஊராட்சி மன்றங்களும் நகராட்சிகளும் தத்தம் எல்லையிலுள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். இசைவின்றி அவற்றை வேறு பயனுக்குத் திருப்பலாகாது என்பது அதன் சாரம். மனைப்பிரிவுகளில் பொதுப்பயனுக்கென நிலம் ஒதுக்கும் விதியும் உண்டு. கோவை மக்கள் ‘ரிசர்வ் சைட்’ என்று வழங்கும் இவ்வொதுக்கீட்டு நிலங்களே எளிய குடியிருப்புகளின் பூங்காக்களாக வேண்டியவை. அவற்றுள் பல கம்பிவேலிக்கும் கட்டடத்துக்கும் இரையாயின. சிலவற்றைக் குடியிருப்போர் சங்கங்கள் வழக்காடி மீட்டன.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் தனியார் மருத்துவமனைக்குத் தரப்பட்டபோது அப்பகுதி மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1991-இல் உச்சநீதிமன்றம் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்காவின் உரிமை அதைச் சூழ வாழ்வோர்க்கு உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் பூங்காக்களுக்கென்றே தனி ஆட்சிமன்றங்கள் உள்ளன. பல ஊர்களில் அவற்றின் உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். அவற்றிற்கெனத் தனி வரியும் உண்டு. சிகாகோ நகரில் 1934-இல் 22 மன்றங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நம் நாட்டில் அத்தகு தனி மன்றம் இல்லை. எனினும் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் நகராட்சிகளின் பணியாக எண்ணியது. தமிழகத்தில் 2022 நவம்பர் முதல் நாளில் நகர்ப்புறப் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. தம் தெருப் பூங்காவின் விளக்கு எரியாததை எழுந்து நின்று கேட்கும் வாய்ப்பு எளிய குடிமகளுக்கும் கிட்டியது.

குளக்கரைகள்

கோவையின் பழம்பெருஞ்செல்வம் நொய்யலாற்று நீரை ஒன்றிலிருந்து ஒன்றாக வாங்கி நிறையும் குளத்தொடர். பாசன நிலங்கள் மனைகளானபின் குளங்கள் கழிவுநீர்த் தேக்கங்களாயின. வறட்சி வாட்டிய 2003-ஐ ஒட்டிச் சிறுதுளி போன்ற அமைப்புகள் தோன்றின. உக்கடம் பெரியகுளத்தில் 2013-இல் மாணவரும் தொழிலாளரும் வணிகரும் மண்வெட்டியுடன் இறங்கித் தூர்வாரினர். தாமே உழைத்த கரையைத் தம்முடையதெனக் கருதுவது இயல்பு. 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் கோவை இடம்பெற்றபின் குளக்கரைகள் நடைபாதையும் விளக்குமாக மாறின. அதே வேளையில் கரைகளில் தலைமுறைகளாகக் குடிசையிட்டு வாழ்ந்தோர் மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் முதலிய தொலைவிடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கு வீடு கிடைத்தது. வேலைக்குச் செல்லும் தொலைவு கூடியது. அழகுற்ற கரையில் உலவுவோர் யார், அங்கிருந்து அகன்றோர் யார் என்னும் கணக்கும் வரலாற்றில் எழுதப்பட வேண்டும்.

நிறைவாக

இலவந்திகையும் உய்யானமும் இன்றில்லை. ஆயினும் கட்டணத்தாலும் பூட்டிய கதவாலும் விளக்கில்லாத மூலையாலும் அவற்றின் நிழல் நம் பூங்காக்களில் விழத்தான் செய்கிறது. மாலை ஆறரை மணிக்கு ஒரு பெண் தனியே ஒரு பூங்கா இருக்கையில் நூலொன்றைப் பிரித்து அமர முடிகிறதா என்பதே அப்பூங்கா பொதுவா அன்றா என்பதற்குச் சோதனை. பலர் வந்துசெல்லும் இடத்தில் அச்சம் குறைகிறது. ஆளரவமற்ற இடமே முதலில் அஞ்சத்தக்கதாகிறது, பின்னர் எளிதில் கைமாறுகிறது.

இலக்கிய வட்டங்கள் மண்டபங்களைத் தேடி வாடகை தருவது வழக்கம். ஆண்டுக்கு நான்கு கூட்டங்களையேனும் தத்தம் பகுதிப் பூங்காக்களில் மரநிழலில் நடத்தினால், கவிதை கேட்க வருவோர் பெருகுவர். பூங்காவைக் காப்போரும் பெருகுவர். பளிக்கறையைத் தேடி ஓட வேண்டாத உவவனங்களை ஆக்குவது கவிஞர்க்கும் உரிய கடமையாகும்.