தன் குரலைக் கேட்கும் கருவி: ஹாம்சாட் காலத்துத் தேர்வுகள்

சிலாபத்தை அடுத்துள்ள முன்னேஸ்வரம் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாகவே அறியப்படுகிறது எனினும், அதன் தெற்கே இரணவிலையில் உள்ளூர் மக்களின் எதிர்ப்பினிடையே எழுந்து 2016 இல் மூடப்பட்ட 'அமெரிக்காவின் குரல்' சிற்றலை நிலையத்தால் அக்கரைக்கு வானொலி வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. அது ஒருவழி ஒலிபரப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கவும் வேண்டும் என்ற தேவையை வளர்த்தவை அமெச்சூர் வானொலியாளருக்கான செயற்கைக்கோள்களே. அனுப்புதலும் பெறுதலும் ஒரே கணத்தில் நிகழும் அம்முறை 'ஃபுல் டூப்ளெக்ஸ்' எனப்படுகிறது.

இலங்கை, தமிழகக் கரைகளில் இத்தேவையைப் பரவலாக உணர்த்தியது, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவுகலத்தில் கார்ட்டோசாட்-1 உடன் சென்ற ஹாம்சாட் என்னும் அமெச்சூர் கோள் ஆகும். 42.5 கிலோ எடையுள்ள அக்கோளில், பெற்ற அலையை வேறோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று இந்தியாவில் உருவானது, மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவர் வடிவமைத்தது. தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஏறிய குரல் 145 மெகாஹெர்ட்ஸ் அளவில் இறங்கியது. கோள் விரைந்து கடப்பதால் அலைவெண் நகரும் டாப்ளர் விளைவு ஏறும் அலையில் பத்துக் கிலோஹெர்ட்ஸ் வரை எட்ட, பேச்சுக்குரிய இடமோ மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆகவே இறங்கிவரும் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தாதவர், அடுத்தவர் உரையாடலுக்குள் அறியாமலே புகுந்துவிடுவார்.

இரு அலைவரிசைகளில் இயங்கும் பெட்டி எல்லாம் இதற்கு உதவுவதில்லை. பல கருவிகள் அனுப்பும்போது செவியை மூடிக்கொள்பவை. யேசு எஃப்.டி.-847, ஐகாம் ஐ.சி.-910எச், கென்வுட் டி.எஸ்.-2000 ஆகியவை ஒரே பெட்டியில் இரண்டையும் செய்தன. அவற்றை வாங்க இயலாதவர் எஃப்.டி.-817 போன்ற சிறு கருவிகள் இரண்டை இணைத்துக்கொண்டனர். ஜப்பானின் ஃபூஜி கோள்களில் 145 இல் அனுப்பி 435 இல் கேட்க வேண்டியிருந்ததால், 145 இன் மும்மடங்கு அலை தன் ஏற்பியையே மழுங்கடித்தது. டிப்ளெக்சர் எனும் வடிகட்டி தேவைப்பட்டது. ஹாம்சாட்டின் திசைத்தேர்வு இத்தொல்லையைத் தவிர்த்தது. எளிய நிலையங்களுக்கு அது செய்த பேருதவி அதுவே எனலாம். மின்கல அடுக்கு பழுதடைந்து 2014 ஜூலையில் அது ஓய்ந்தது.

புவியோடு ஒத்துச் சுழலும் நிலைச்சுற்றுப்பாதையில் அஞ்சற்கோள்களை நிறுத்தலாம் என்று 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் மறைந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 2018 நவம்பரில், கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 அப்பாதைக்கு முதல் அமெச்சூர் டிரான்ஸ்பாண்டரைக் கொண்டு சென்றது. முன்னேஸ்வரக் கரையிலிருந்து நோக்கினால் அக்கோள் மேற்குக் கடலுக்கு மேல் ஏறத்தாழ 28 பாகை உயரத்தில், சற்றே தெற்குச் சாய்வில், அசையாது நிற்கும். இதனால் ஆன்டெனாவைச் சுழற்றும் பொறியும் டாப்ளர் திருத்தமும் வேண்டியதில்லை. பத்து கிகாஹெர்ட்ஸ் இறங்கலைக்குத் தொலைக்காட்சித் தட்டின் எல்.என்.பி. எனும் ஏற்பி முனை போதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அனுப்பிக்கே செலவு. தன் குரல் கால் நொடி பிந்தி வருவதால் பழகாதவர் நா தடுமாறும். ஆனாலும் கேட்டே ஆகவேண்டும்: கோளின் வழிகாட்டி அலையைவிட வலுவாக ஒலிப்போரின் அலைமேல், தரைநிலையம் எச்சரிக்கைச் சங்கொலியை ஏற்றிவிடுகிறது.