பல்லவிக்குத் திரும்புதல்



ஊழியத்திற்கு வந்த புதிதில், ஆராதனை நேரத்தைச் சுருக்க எண்ணி, கீர்த்தனையின் பல்லவியைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பாடினால் போதும் என்று ஒரு சபையில் அறிவித்தேன். இரண்டாம் வாரம் எழுத்தறியாத ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, நான் பாடுற இடத்தை எடுத்துப்போட்டீங்களே" என்றார். சரணங்களை நாங்கள் புத்தகம் பார்த்துப் பாடியபோதெல்லாம் அவர் பல்லவிக்காகவே காத்து நின்றிருக்கிறார்.

அதன் பின்னரே கீர்த்தனையின் வரலாற்றைக் கவனித்து வாசித்தேன். 18ஆம் நூற்றாண்டில் மிஷனெரிகள் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு இராகங்களிலேயே பாடச் செய்தனர். பப்ரிசியுஸ் ஐயர் தந்த ஞானப்பாட்டுகளில் பொருளாழம் உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை திரும்பிப் பாராமல் ஒரு கவியிலிருந்து அடுத்த கவிக்குச் செல்பவை. முழுதும் மனனம் ஆகாதவர் இடையில் நின்றுவிடுவார்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்ற வேதநாயகம் சாஸ்திரியார், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் நம் நாட்டு வடிவில் நற்செய்தியைப் பாடினார். சரணம் கதையை நடத்திச் செல்லும். பல்லவி அதை வீட்டுக்கு அழைத்துவரும். சரணம் பாடகருடையது, பல்லவி சபையாருடையது. சிலுவையைச் சொன்ன சரணத்துக்குப் பின் வரும் பல்லவியும் உயிர்த்தெழுதலைச் சொன்ன சரணத்துக்குப் பின் வரும் பல்லவியும் சொல்லால் ஒன்றே. பாடுகிற நெஞ்சுக்கு அவை ஒன்றல்ல. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அவற்றுள் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு வகித்தன.

இவ்வடிவின் சுவை இம்மண்ணுக்குப் புதிதன்று. நமது சோழபுரத்திற்கு அருகே, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களும் ஒரே விளியில்தான் முடிகின்றன. எபிரெயரும் அவ்வாறே பாடினர்: 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் பிற்பாதி மாறுவதேயில்லை.

வீண்சொற்களை அடுக்கி ஜெபிப்பதை ஆண்டவர் கண்டித்தாரே என்று சிலர் கேட்பர். மத்தேயு 6:7இல் கண்டித்தவர்தாம், 26:44இல் கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். அங்கே அவருக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறே பல்லவியை அதன் இடங்களில் திரும்பச் சேர்த்தேன். ஆராதனை சில நிமிடங்கள் நீண்டது. முதற்சரணம் முடியுமுன்னே, தாளத்துக்குச் சற்று முந்தி, பின்வரிசையிலிருந்து அந்தத் தாயாரின் குரல் எழும்பிற்று.